கோடு எந்திரிக்கக் கூடாது

கண்ணச் சிமிட்டாதீங்கன்னு ஒரு ஆளு சொன்ன பொறவுதான் கண்ணுன்னு ஒண்ணு நமக்கு இருக்கதே நெனப்புக்கு வருது. இமைக்கு அடியில மணல் கெடக்காப்ல உறுத்துது. சிமிட்டாத, தலைய ஆட்டாத, பல்லக் கடிக்காத, எச்சி முழுங்காத, மூக்கால மூச்சு விடாத, வாயாலயே விடு. இத்தனையும் சொல்லிட்டு கடைசியில "ரிலாக்ஸா இருங்க மேடம்"னு தோள்ல தட்டிட்டுப் போயிட்டா ஜெசிந்தா. மெஷின் பாக்குத பிள்ள. நல்ல பிள்ளதான், தலைமுடியப் பிரிச்சுப் பிரிச்சுப் பசையத் தடவி வயர ஒட்டும்போது வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக் கேட்டு ஒட்டுனா. எண்ண வைக்காம தலைக்குக் குளிச்சுட்டு வரச் சொல்லியிருந்தாங்க. எண்ண வைக்காம நான் வாசப்படி எறங்குனதே கெடையாது, முடி பஞ்சாட்டம் நிக்கு, அதுக்கு மேல வயரு. வலது மூக்குல ஒரு குழாய். அதுல வெதுவெதுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்கு. அந்தக் காத்துக்குள்ள எப்பவாவது ஒரு வாசனைய ஊத்தி விடுவாங்களாம், எப்பன்னு சொல்ல மாட்டாங்களாம். காதுல ஹெட்போன், குத்தாலத்துல மெயின் அருவிக்கு அடியில நிக்காப்ல ஒரே இரைச்சல். மெஷின் சத்தத்தக் கேட்டு நான் உஷாராயிரக் கூடாதாம். எதுத்தாப்ல ஒரு டிவி, அதுல ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள ஒரு வெள்ளப் புள்ளி. புள்ளி ஓடிப்போகப் பாக்கும், நான் கையில இருக்க குச்சிய ஆட்டி அதக் கட்டத்துக்குள்ளயே நிப்பாட்டணும். இந்த நாற்காலியில உக்காந்தா நெறையப் பேரு தூங்கிருதாங்களாம், அதுக்குத்தான் இந்த வேலை. பிள்ளையப் பிரிஞ்சு கெடக்கவளுக்குத் தூக்கமா வரப் போகுது.

"நீங்க எதுவுமே சொல்ல வேண்டாம் காந்திமதி"ன்னாங்க டாக்டர் பெனாசிர். "வாசனை வந்துச்சா இல்லையான்னு உங்க வாய்கிட்ட நாங்க கேக்கப் போறதில்ல, மூளைகிட்டயே கேட்டுக்கறோம். வாசனை தெரிஞ்சா மூளையில கொஞ்சூண்டு கரண்ட் ஓடும், கோடு மேல எந்திரிக்கும். தெரியலன்னா கோடு அப்படியே படுத்துக் கெடக்கும். இதுல நடிக்க முடியாது." கடைசி வார்த்தைக்கு இவுக தலையாட்டுனாங்க பாரு, அந்த ஆட்டு ஆட்டுனாங்க. எம் புருசன் சங்கரலிங்கம். இப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என் மூளையப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இத்தன வருசம் குடும்பம் நடத்துன பொம்பளைய நம்ப முடியல, அவ தலைக்குள்ள ஓடுத கரண்ட நம்பணும். சரி, நம்பட்டும். கோடு எந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேணும். ஊரெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒடம்பு நல்லாருக்கணும்னு கும்பிடும், நான் எம் மூக்கு செத்த மூக்கா இருக்கணும்னு அந்தக் காந்திமதி அம்மனக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். கோடு எந்திரிச்சா எனக்கு வாசனை தெரியும்னு ஆகும். தெரியும்னு ஆனா அன்னைக்கு கேஸ் நாத்தம் தெரிஞ்சேதான் தீப்பெட்டிய எடுத்தேன்னு ஆகும். பெத்த பிள்ளையையும் சேத்துக் கரிச்சுரப் பாத்தவன்னு ஆகும். பார்கவி நாகர்கோவில்லயே அவ அத்தை வீட்டுலயே இருந்துருவா. புள்ளி ஓடுது, பிடி பிடி. கட்டத்துக்குள்ள வா சவமே. வந்துட்டு.

இப்போ ஊத்திருப்பாங்களோ. காத்து ஒரே மாதிரிதான் இருக்கு. இல்ல, இப்பக் கொஞ்சம் கனமா வந்தாப்ல இருந்துச்சோ. கனமா இருந்தா அது வாசனையா. எனக்கு என்னத்தத் தெரியும், வாசனை எப்படி இருக்கும்னு தெரிஞ்சால்லா வரலன்னு சொல்ல முடியும். சின்னப் பிள்ளையில நான் வாசனைங்கிறத ஒரு மரியாதைன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி பூவப் பாத்தா ஆகான்னு சொல்லணும், சாக்கடையத் தாண்டும்போது முந்தானையால மூக்கப் பொத்தணும், அப்பாவோட பனியனத் துவைக்கப் போடும்போது மொகத்தச் சுளிக்கணும். எல்லாரும் செய்யுதாங்க, நானும் செஞ்சேன். நல்லாவே செஞ்சேன். வார்த்தையெல்லாம் எனக்கு அத்துப்படி, மணம்னா எதுக்கு, வாடைன்னா எதுக்கு, கவிச்சி எதுக்கு, சிக்கு எதுக்கு, முடை எதுக்கு, ஊசல் எதுக்கு. ஒண்ணு மாத்திச் சொன்னதில்ல. மொளகா வத்தல் வறுத்தா எனக்கும் கமறும், வெங்காயம் உரிச்சா எனக்கும் கண்ணு எரியும், தாளிச்சா எல்லாருக்கும் முன்னால நான்தான் தும்முவேன். பொறவு யாருக்குச் சந்தேகம் வரும். எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை பூசைக்குப் பூத்தொடுக்கது என் வேலை. சாமிக்கு உள்ள பூவ மோந்து பாக்கக் கூடாதுலா, மோந்த பூ எச்சிப்பூ. எங்க அக்காமாரு ரெண்டு பேரும் கை தன்னாலயே மூக்குக்குப் போயி அம்மைகிட்ட அடி வாங்குவாளுவ. நான் ஒரு நாள் அடி வாங்குனதில்ல. கூடை கூடையா பிச்சியும் மல்லியும் மடியில கெடக்கும், நான் பாட்டுக்குத் தொடுத்துக்கிட்டே இருப்பேன். "எங்க காந்தி மாதிரி வருமா, ஒரு பூவு மூக்குகிட்ட போகாது, அந்தப் பக்தி மத்தவளுவளுக்கு இல்லையே"ன்னு அம்மை தெருவெல்லாம் சொல்லுவா. தெருவே பாராட்டுச்சு. அந்தப் பாராட்டு இல்லன்னா என்னைக்கோ ஒருத்தராவது கண்டுபிடிச்சிருப்பாங்க, ஏட்டி ஒனக்கு மூக்கு இருக்கா இல்லையான்னு கேட்டிருப்பாங்க. பக்திய வச்சு எம் மூக்க மூடிட்டாங்க. சாமி மேல கோவப்பட்டு என்ன செய்ய.

கல்யாணமாகி வந்த எடத்துலயும் அதே கததான். நைவேத்தியத்துக்குச் சமைக்குதத ருசி பாக்கக் கூடாது, உப்பு சரியா இருக்கான்னு வாசனையிலயே தெரிஞ்சுக்கிடணும். எம் மாமியா இருந்த வரைக்கும் கரண்டியத் தூக்கி ஆவியப் பிடிச்சுட்டு, "ஒரு கை உப்பு கொறையுதுட்டி"ம்பாக, அது சரியா இருக்கும். நானும் கரண்டியத் தூக்கி ஆவியப் பிடிப்பேன், கண்ண மூடுவேன், சரியா இருக்கு அத்தைம்பேன். சரியாத்தான் இருக்கும், ஏன்னா நான் கையளவுல போட்டிருப்பேன். பருப்பு வெந்தத நான் கொதிக்க சத்தத்துலயும், நெய் காஞ்சத நெறத்துலயும் பாத்துக்கிடுவேன். இவுக கல்யாணமான புதுசுலேர்ந்து சம்பளத்தன்னைக்கு ஒரு பந்து மல்லி வாங்கிட்டு வருவாங்க. எலையப் பிரிச்சு எம் மொகத்துக்கு நேர நீட்டுவாங்க. நான் மோந்து பாத்துக் கண்ண மூடித் தெறப்பேன். அந்த ஒரு நிமிசம் இவுக மொகத்தப் பாக்கணும், அதுக்காக நான் செத்த மூக்க வச்சுக்கிட்டு ஆயிரம் பூவு மோப்பேன். பொய்யா அது. பொய்னு அன்னைக்குத் தோணல. இப்பத் தோணுது. அந்தத் தீப்பெட்டி விசயத்துக்குப் பொறவு இவுக என்னக் கூட்டிட்டுப் போன மொத டாக்டர், அந்த மனநல டாக்டர்கிட்ட, எனக்குப் பொறந்ததுலேர்ந்தே வாசனை தெரியாதுன்னு சொன்னப்போ இவுக சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதுல கேக்கு. "எத்தன மல்லிப்பூ காந்தி"ன்னாங்க. அடுத்தவங்களுக்குச் செஞ்ச மரியாதையெல்லாம் சேந்து வந்து எனக்கு எதுராவே நிக்கு.

புள்ளி எங்க. கட்டத்துக்கு வெளிய போயிட்டு, மேல ஓரத்துல நிக்கு. பிடிச்சுட்டேன். எச்சிய முழுங்கிட்டேனோ. முழுங்குனா கோடு ஆடுமாம், ஆடுனா அத வாசனைன்னு எழுதிருவாங்களோ. அன்னைக்கு நடந்தத நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கேன், அதான் மொத ஆளா வந்து நிக்கு. அடுப்புல பால வச்சுட்டு மாடியில காஞ்ச துணிய எடுக்கப் போனேன். எறங்கி வந்து பாத்தா பால் பொங்கி வழிஞ்சு கெடக்கு, தீயில்ல. நம்மதான் அணைச்சுட்டுப் போனோம் போலன்னு நெனச்சேன், அடுப்புத் திருகத் திருப்பிப் பாக்கல. பொங்குன பால் தீய அணைச்சிருக்கு, கேஸ் பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. வழிஞ்ச பாலத் தொடச்சேன். அந்த அடுப்பத் தொட்டுத் தொடச்சேன், கை திருகு மேலேயே போயிருக்கும். பொழுது அடையுத நேரம், வெளக்கேத்தணும். பார்கவி அடுப்படி வாசல்ல உக்காந்து மயிலுக்குப் பச்சைக் கலர் அடிச்சுக்கிட்டிருக்கா. தலையத் தூக்கி, "அம்மா, என்னமோ நாறுது"ன்னா. நான், ஆமாட்டி, நாறத்தான் செய்யுது, பின்னால சாக்கடையில எவனோ மண்ண எடுத்துப் போட்டிருக்கான்னேன். வாய் தன்னால சொல்லிட்டு. யாரு எப்பச் சொன்னாலும் என் வாய் ஆமான்னுதான் சொல்லும், அதுக்கு நெனைக்க வேண்டாம். மூக்கக் கூடச் சுளிச்சிருப்பேன். பிள்ள சரின்னு திரும்பவும் மயிலுக்குக் குனிஞ்சுட்டா. அம்மாவே சொல்லிட்டாள்லா. நான் தீப்பெட்டிய எடுத்துக் குச்சிய உருவுதேன், பிரமு மதினி, இவுகளோட அக்கா, அன்னைக்கு நாகர்கோவில்லேர்ந்து எங்களப் பாக்க வந்தவங்க, தெரு வாசல்லேர்ந்து ஓடி வந்து என் கையில ஒரு அடி. தீப்பெட்டி எங்கயோ போயி விழுது. தெருமுனை வரைக்கும் நாறுதாம்.

அதுக்கு முந்துன வாரந்தான் இவுககிட்ட ஏதோ ஒரு சண்ட, மதினிட்ட போன்ல சொல்லும்போது "இதுக்குச் செத்துத் தொலையலாம் மதினி"ன்னு சொல்லிருக்கேன். யாருதான் சொல்லல. மதினியே நாளைக்கு நாலு தடவ சொல்லுவாங்க. ஆனா அன்னைக்கு அவங்க பார்கவியத் தூக்கித் தெருவுல நிப்பாட்டி, "ஒனக்கு நாறலையாட்டி"ன்னு கேக்காங்க, அது சொல்லுது, "நான் அம்மாகிட்டச் சொன்னேன் அத்தை, அம்மாவும் ஆமா நாறுதுன்னாங்க." பிள்ள பொய் சொல்லல. நடந்ததத்தான் சொல்லுது. மதினி என்னப் பாத்தாங்க. அதுவரைக்கும் வையதுக்குத்தான் வாயத் தெறந்து வச்சிருந்தாங்க, அத மூடிட்டாங்க. என்ன வஞ்சிருந்தா நான் பொழச்சிருப்பேன். பிள்ளையக் கூட்டிட்டு அன்னைக்கே நாகர்கோவில் பஸ் ஏறிட்டாங்க. இவுக தீப்பெட்டியையும் லைட்டரையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. ஹோட்டல் சாப்பாடு. வெள்ளிக்கிழமையானா வெளக்கு இவுக ஏத்துதாங்க, நான் தள்ளி நின்னு கும்பிடுதேன். எனக்குப் பெரிய பயம் என்னன்னா இவுக இல்ல, மதினி இல்ல. ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வருது. தெரிஞ்சுதான் செஞ்சேனோ. மூக்குக்குத் தெரியாட்டாலும் உள்ள ஏதோ ஒண்ணுக்குத் தெரிஞ்சு, அது கைய நீட்டுச்சோ. திருகு மேல கை போச்சே, ஏன் திருப்பல. வாய்தான் நடிக்குன்னு நெனச்சோம், மூளையே நடிச்சுப் பழகியிருந்தா. இத்தன வருசம் ஆமா ஆமான்னு சொன்ன மூளை, இன்னைக்கு அந்தக் காத்துல பூவ ஊத்துனதும் மரியாதைக்கு எந்திரிச்சு நின்னுட்டா. கோடு எந்திரிச்சா நான் எங்க போயி என்னத்தச் சொல்ல. அப்ப நானே என்ன நம்பக் கூடாதுலா. பிள்ளைய எங்கிட்ட விடாதீங்கன்னு நானே சொல்லணும்லா.

என்னது இது. மூக்குக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு. ஊசி கொண்டு குத்துனாப்ல ஏறிட்டு, கண்ணுல தண்ணி. போயிட்டு. எங்க போச்சு. நான் ஒண்ணும் செய்யல, மூக்கால மூச்சக் கூட இழுக்கல. எதுத்தாப்ல மொளகா இல்ல, வெங்காயம் இல்ல, காத்துதான் இருந்துச்சு, அந்தக் காத்துக்குள்ளேர்ந்துதான் வந்துச்சு. அடக் கடவுளே, இதுதானா. எல்லாரும் கண்ண மூடுதது இதுக்குத்தானா. மல்லி இப்படித்தான் இருக்குமா, இவ்வளவு கூர்மையாவா. ஒரு நொடி, சொன்னா நம்ப மாட்டாங்க, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. எனக்கும் இருக்குன்னு. பொறவுதான் கோடு நெனப்புக்கு வந்துச்சு. கோடு எந்திரிச்சிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவுக பாத்திருப்பாங்க. குச்சிய விட்டுட்டேன், புள்ளி கட்டத்த விட்டுப் போயிட்டு, போகட்டும், இனிமே புள்ளிய வச்சு என்ன செய்ய. எனக்கு மூக்கு இருக்கு. அப்ப அன்னைக்கும் இருந்துச்சு. அன்னைக்கும் ஏதோ சுருக்குன்னிருக்கும், நான் கவனிக்காத மாதிரி இருந்திருக்கேன், ஆமாட்டி நாறுதுன்னு சொன்னது நெசந்தான், மதினி சொன்னது நெசந்தான். பாவி. பெத்த வயிறா இது. திரும்பவும் ஒரு சுருக்கு. ஐயோ வேண்டாம், நிப்பாட்டுங்க, எனக்குத் தெரியுது, எழுதிக்கிடுங்க, எனக்குத் தெரியுது. வாயால மூச்சு விட மறந்துட்டேன். கண்ணுலேர்ந்து தண்ணி கன்னத்துல எறங்கி அந்தக் குழாய் மேல விழுது. தொடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தொடைக்காம உக்காந்திருக்கேன்.

இரைச்சல் நின்னுட்டு. காது அடைச்சாப்ல இருக்கு. ஜெசிந்தா வந்து குழாய எடுத்தா, "ஐயோ மேடம், அழுதீங்களா"ன்னா. நான் டாக்டரக் கூப்பிடுன்னேன். டாக்டர் பெனாசிர் வந்தாங்க, பின்னாலயே இவுக. நான் யாரும் கேக்கதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன், "எனக்குத் தெரிஞ்சுது டாக்டர். வந்துச்சு. சுருக்குன்னு வந்துச்சு, நாலஞ்சு தடவ வந்துச்சு. எம் பிள்ள அங்கேயே இருக்கட்டும்." டாக்டர் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு என் முன்னால உக்காந்தாங்க. "சோடா குடிச்சா மூக்குல ஏறுமே, தெரியுமா"ன்னாங்க. தெரியும்னேன். "அதுதான் அது. சோடாவுல இருக்கற கேஸ். அது வாசனையே இல்ல, குத்தல். கண்ணு எரியறது, கமறல் இதுக்கெல்லாம் வேற நரம்பு, அது உங்களுக்கு நல்லா இருக்கு. மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கத்தான் அத நடுநடுவுல விடறோம்." இவுகளப் பாத்து டிவியக் காட்டுனாங்க. ஒரு கோடு மலையாட்டம் எந்திரிச்சு எறங்கியிருந்துச்சு. "இது அந்தக் குத்தல். இது ரோஜா வாசனை. இது அழுகின முட்டை, அதுல பாதியக்கூட யாராலயும் தாங்க முடியாது." ரோஜாவும் முட்டையும் படுத்துக் கெடந்துச்சு. நல்லாத் தூங்குத பிள்ள மாதிரி படுத்துக் கெடந்துச்சு ரெண்டும். "வாசனைக்கு இந்த மூளை பதிலே சொல்லல சார். இவங்க சொன்னதுதான் நிஜம். பொறந்ததுலேர்ந்தே இல்லாத மாதிரிதான் இருக்கு, ஸ்கேன்ல உறுதியாயிரும்."

நான் இவுகளப் பாக்கல. அந்தப் படுத்த கோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஜெசிந்தா ஒவ்வொரு வயரா உருவுனா, பசை முடியில ஒட்டி இழுத்துச்சு. டாக்டர் எழுந்து போன பொறவு இவுக பக்கத்துல வந்து நின்னாங்க. பொறவு, "அப்ப அந்தப் பூவு"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. பிள்ளையப் பிரிச்சு வச்சுட்டு இப்பவும் பூவக் கேக்காங்க. ஆனா மொகத்தப் பாத்தேன், கோவம் நிக்கல. "குளுமை தெரியும்"னேன். "ஈரம் தெரியும். நீங்க கொண்டாந்தீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் கண்ண மூடுனேன்." இவுக எந் தலையில ஒட்டியிருந்த பசைய விரலால எடுக்கப் பாத்தாங்க, அது வரல. "என்ன மன்னிச்சுரு காந்தி"ன்னாங்க. மன்னிக்கதெல்லாம் பொறவு பாப்போம், போனப் போடுங்கன்னேன்.

நாகர்கோவிலுக்குப் போட்டாங்க. மதினிகிட்ட இவுக பேசுனாங்க, நான் எட்டி நின்னுக்கிட்டேன். பொறவு பார்கவி வந்துட்டா போல, போன எங்கிட்ட நீட்டுனாங்க. "அம்மா, அத்தை எனக்குப் புது ரப்பர் வாங்கித் தந்தாங்க, ஸ்ட்ராபெரி வாசனை, செமயா இருக்கு. போன்ல வச்சிருக்கேன், மோந்து பாரேன், வருதா?" எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆமாட்டி, நல்லா வருதேன்னு. பல்லக் கடிச்சுக்கிட்டேன், இப்பக் கடிக்கலாம், யாரும் வேண்டாம்னு சொல்லல. இல்லட்டின்னேன். வரல. எனக்கு எந்த வாசனையும் வராது, எப்பவுமே வந்ததில்ல, எம் மூக்கு அப்படி. ரப்பர எதுலயோ தேய்க்க சத்தம் கேட்டுச்சு. "அப்ப அன்னைக்கு நான் நாறுதுன்னு சொன்னப்போ, நீ ஏன் ஆமான்னே?" இந்தக் கேள்விய மெஷின் கேக்கல. டாக்டர் கேக்கல, மதினி கேக்கல. கேக்க வேண்டிய ஆளு கேட்டுட்டா. பொய் சொல்லிட்டேன் மக்கான்னேன். எல்லாரும் சொல்லுதாங்கன்னு நானும் சொல்லிப் பழகிட்டேன். தப்புதான். நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்.

அவ யோசிக்கா. யோசிக்கும்போது மூக்கால உஸ்ஸுன்னு மூச்சு விடுவா, அது போன்ல கேட்டுச்சு. "சரி"ன்னா. "இனிமே நான் நாறுதுன்னு சொன்னா நீ ஆமான்னு சொல்லாத. என்னத் தூக்கிட்டு வெளிய ஓடியாந்துரு. என்ன?"

சரிட்டின்னேன்.